சூடத்தை அணைக்காதவர்

அவருடைய பெயரை எழுத மாட்டேன். என் தொழிலில் பெயரை வெளியே சொல்லும் வழக்கமில்லை. தர்மபுரியில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில், குடியால் சிரமப்படுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறவளாகச் சில வருடங்கள் இருந்தேன். அப்போது என் எதிரே வந்து உட்கார்ந்தவர்களில் பலருடைய முகங்கள் இப்போது ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அவர் முகம் மட்டும் தனியாக நிற்கிறது.

ஆழ்துளைக் கிணறுகளில் மோட்டார் இறக்குவதும், பழுதான மோட்டாரைத் தூக்கிச் சரிசெய்வதும் அவர் தொழில். ஒல்லியான ஆள். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்களில் கிரீஸ் இருக்கும். பேச்சு குறைவு. அந்தக் குறைந்த பேச்சிலும் ஒரு பிடிவாதம் உண்டு. தன்னால் ஆகும் என்று நிச்சயமாகத் தெரியாத எதையும் செய்வேன் என்று அவர் வாயால் சொல்ல மாட்டார்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை வர்றீங்களா?" என்று கேட்பேன்.

"மழை வரலீன்னா, குழிக்குள்ள மோட்டார் சிக்கலீன்னா வருவேங்க."

"அப்ப வருவீங்கன்னு எழுதிக்கட்டுமா?"

"அப்படி எழுதாதீங்க மேடம். வந்ததுக்கப்புறம் எழுதிக்கங்க."

விவசாயிகளுக்கும் இதே பதில்தான். மற்ற மெக்கானிக்குகள் "நாளைக்கே தண்ணி ஏத்திடறேன்" என்று சொல்லி வேலையைப் பிடித்துவிடுவார்கள். இவர் "தூக்கிப் பாத்தாத்தான் தெரியும்" என்பார். காய்கிற பயிரை வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அந்தப் பதில் எப்படி இருக்கும்? பலர் எரிச்சலோடு வேறு ஆள் தேடிப் போனதாக அவர் மனைவியே சொன்னார்.

முதல் நாள் மனைவியும் மகளும் உடன் வந்திருந்தார்கள். மகளுக்குப் பத்து வயதிருக்கும். கையில் மாவுக்கட்டு. காரிமங்கலத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அவர் போதையில் பைக்கை ஓட்டியிருக்கிறார். வளைவில் மண் சறுக்கி, பிள்ளையோடு விழுந்திருக்கிறார். அவருக்குச் சிராய்ப்பு. அவளுக்கு எலும்பு முறிவு.

மனைவி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் அவர் "ஆமாங்க", "ஆமாங்க" என்றுகொண்டிருந்தார். எதையும் மறுக்கவில்லை. எதற்கும் காரணம் சொல்லவில்லை. குடிக்கிறவர்கள் என் அறையில் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிள்ளையை நர்ஸுடன் வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் கேட்டேன்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"கொறைக்கணும்ங்க."

"நிறுத்தணும்னு தோணலையா?"

"நிறுத்தறேன்னு சொன்னா பொய்யாயிரும். கொறைச்சுப் பாக்கறேன்."

மனைவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "பாத்தீங்களா மேடம்? புள்ளை கை ஒடஞ்சு கெடக்குது. இவுரு கொறைக்கிறாராம். நிறுத்தறேன்னு ஒரு வார்த்தை வாயில வருதா பாருங்க. எங்கண்ணன் கோயில்ல வெச்சு சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணுனாரு. இவுருக்கு மட்டும் கை வராது."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் செய்யும் சத்தியம் அந்தப் பக்கத்தில் சாதாரணம். என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் அதைச் செய்துவிட்டு வந்தவர்கள்தான். செய்த கையோடு மறுபடி குடிக்கப் போனவர்களும்தான்.

எங்கள் மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். காலையில் கை நடுக்கம் இல்லை. வத்தல்மலைக்கு வேலையாகப் போனால் அங்கேயே தங்கி, குடிக்காமலே நாட்கள் கழிகின்றன. கல்லீரல் இன்னும் கெடவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு, முழுவதும் நிறுத்தாமல் ஓர் எல்லைக்குள் கொண்டுவருகிற சிகிச்சைமுறை இருக்கிறது. நான் படித்திருந்தேன். அந்த ஊரில் யாரிடமும் முயன்றதில்லை. எந்தக் குடும்பமும் ஒப்புக்கொள்ளாது என்ற பயம்தான் காரணம். மருத்துவர் யோசித்துவிட்டு, "செய். ஆனா கண்ணை எடுக்காம பாத்துக்கோ" என்றார்.

குடிக்கலாம் என்று வாரத்தில் சில நாட்களை அவரே தேர்ந்தெடுத்தார். வெறும் வயிற்றில் இல்லை, சாப்பிட்ட பிறகுதான். அளவுக் குவளையில்தான். ஒரு குவளைக்கும் அடுத்ததற்கும் நடுவில் தண்ணீர். அந்த நாட்களில் பைக் சாவி மனைவியிடம். ஆசை எழுந்தால் உடனே ஓடாமல், அது அலை மாதிரி ஏறி இறங்கும்வரை எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் "பாக்கறேங்க" என்றார். மனைவி போகும்போது வாசலில் நின்று, "நீங்களே ஊத்திக் குடுத்துருங்க மேடம், இன்னும் சௌரியமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் அந்த வார்த்தை என் காதில் இருந்தது.

மோட்டார் வேலையில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. குழாயில் தண்ணீர் வந்ததும் விவசாயி சந்தோஷத்தில் பாட்டிலை நீட்டுவார். அதை மறுப்பது அவமரியாதை. மறுத்துப் பழகுவதற்கு எங்கள் முறையில் ஓர் ஒத்திகை உண்டு. நான் விவசாயியாக நடித்தேன்.

"வாப்பா, தண்ணி எப்படிப் பீச்சுது பாரு! உனக்குன்னே வாங்கி வெச்சிருக்கேன்." மேஜைமேல் இருந்த என் தண்ணீர் பாட்டிலை அவர் முன்னால் நகர்த்தினேன்.

அவர் பாட்டிலைப் பார்த்தார். நெற்றியில் வியர்த்துவிட்டது. வெறும் தண்ணீர் பாட்டில்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

"ஏதாவது சொல்லுங்க. மாத்திரை சாப்பிடறேன், டாக்டர் வேணாம்னுட்டாருன்னு சொல்லுங்க. நிறைய பேர் அப்படித்தான் சமாளிக்கிறாங்க."

"நான் மாத்திரை சாப்பிடலீங்களே."

"வீட்ல விரதம்னு சொல்லலாம்."

"வூட்ல விரதம் இல்லீங்களே மேடம்."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப என்னதான் பண்ணப்போறீங்க?"

பாட்டிலை என் பக்கமே திருப்பித் தள்ளினார். பிறகு, "தண்ணி வர்றப்போ நான் அங்க இருக்க மாட்டேங்க" என்றார்.

அவர் ஒன்றைச் செய்வேன் என்று என்னிடம் உறுதியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மோட்டாரை இறக்கி, வயர் இணைத்து, சுவிட்சைப் போட்டதும் முதலில் காற்று சீறும், பிறகு சேறு வரும், பிறகு தெளிந்த தண்ணீர். வீட்டிலிருக்கிற அத்தனை பேரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். அந்தத் தொழிலில் சந்தோஷம் என்று ஒன்று இருந்தால் அது அந்த நேரம்தான். அதற்குப் பிறகு பல மாதங்கள், சுவிட்சைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு அவர் முன்னாலேயே கிளம்பிவிடுவார். கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். "ரோட்டுல இருந்தே சத்தம் கேக்கும்ங்க" என்றார்.

குறைந்தது. அவர் குடி உண்மையிலேயே குறைந்தது. கூடுதலாகக் குடித்த வாரத்தில் உட்கார்ந்தவுடனேயே "இந்த வாரம் தாண்டிட்டேன்" என்று சொல்லிவிடுவார். நான் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றும் இருக்காது.

பிறகு ஒருநாள் அவர் மனைவியிடமிருந்து போன் வந்தது. பாப்பாரப்பட்டியில் தன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். நான் அளவு மீறிவிட்டதா என்று கேட்டேன்.

"மீறலீங்க. நீங்க சொன்ன அளவுதான். ஆனா அவுரு வூட்டுக்குள்ள வந்ததும் வாடை அடிச்சுது மேடம். புள்ளை கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சுக்கிட்டா. கூப்புட்டா வரல. ஒடம்பெல்லாம் நடுங்குது. அளவா குடிச்சாரா அதிகமா குடிச்சாரான்னு புள்ளைக்குத் தெரியுமா?"

ஞாயிற்றுக்கிழமை பேச்சுவார்த்தை வைத்திருப்பதாகவும், நான் வந்தால் நல்லது என்றும் சொன்னார். வீடுகளுக்குப் போவது எங்கள் வழக்கமில்லை. மருத்துவரும் வேண்டாம் என்றார். நான் பஸ் ஏறினேன்.

நடு வீட்டில் பாய் விரித்திருந்தது. அவர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். மனைவியின் அண்ணன் கதவருகே நின்றிருந்தார். வாட்டசாட்டமான ஆள், சந்தையில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். மனைவி சமையலறை நிலையில் சாய்ந்து நின்றார். உள்ளே அறையில் பிள்ளை இருந்தாள். திரை அசைவதிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

அண்ணன் தட்டில் சூடத்தைக் கொளுத்தி அவர் முன்னால் வைத்தார்.

"மாப்ள, பேச்செல்லாம் வேணாம். இத அணைச்சுட்டு, இனிமே தொட மாட்டேன்னு சொல்லு. புள்ளையக் கூட்டிக்கிட்டு இப்பவே போ."

அவர் சூடத்தைப் பார்த்தபடி இருந்தார். கை மடியிலேயே இருந்தது.

"சொல்லு மாப்ள."

"என்னால முடியாதுங்க மச்சான்."

"என்ன முடியாது? குடிய விட முடியாதா?"

"விட முடியுமான்னு எனக்குத் தெரியாது. தெரியாம சத்தியம் பண்ண முடியாது. கொறைச்சிருக்கேன். எங்கிட்ட இருக்கறது அதுதான்."

அண்ணன் பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்துத் தூக்கினார். பொத்தான் தெறித்தது. தட்டு கால் பட்டு நகர்ந்து பாயின் ஓரம் கருக ஆரம்பித்தது. எனக்குக் குடிக்கக் கொடுத்திருந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். அவர் திருப்பி அடிக்கவில்லை, பிடியை விலக்கவும் இல்லை. கழுத்து இறுகி முகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு பொய் வார்த்தை சொல்லிவிட்டால் இந்த மனிதர் பிள்ளையோடு வீட்டுக்குப் போகலாம். சொல்லிவிடுங்கள் என்று நானே கத்திவிடுவேனோ என்று இருந்தது.

"அண்ணே, வுடு."

மனைவியின் குரல். அண்ணன் விடவில்லை.

"வுடுங்கறேன்ல! நீ அணைச்ச சூடம் என்னாச்சுன்னு எனக்குத் தெரியாதா? மண்டியில தராசுக்குப் பின்னால நீ என்ன ஒளிச்சு வெச்சிருக்கேன்னு அண்ணி எங்கிட்ட அழுவுது. அம்மாவுக்கும் தெரியும். யாரும் கேக்கறதில்ல, அவ்வளவுதான்."

அண்ணனின் கை தளர்ந்தது. யாரையும் பார்க்காமல் அண்ணன் வெளியே போனார். தெருவில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

மனைவி தன் கணவர் எதிரே வந்து பாயில் உட்கார்ந்தார்.

"நேத்து குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"முந்தாநாளு?"

"இல்ல."

"நான் எப்பக் கேட்டாலும் இப்படியே சொல்வீங்களா?"

"சொல்வேன்."

"குடிக்கிற அன்னிக்கு வூட்டுக்கு வரக் கூடாது. நீங்க மோட்டார் பிரிக்கிற ஷெட்டுலயே படுத்துக்கணும். புள்ளைக்கு அந்த வாடையே வரக் கூடாது."

அவர் யோசித்தார். இதற்குக்கூட யோசித்தார். "வர மாட்டேன்" என்றார்.

அன்று மாலை மூவரும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து தர்மபுரி வந்தார்கள். பிள்ளை அம்மா மடியில் தூங்கினாள்.

இதோடு கதை நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். அடுத்து வந்த கோடையில் மாவட்டம் முழுக்கத் தண்ணீர் கீழே போனது. இருக்கிற குழாயோடு இன்னும் குழாய் சேர்த்து மோட்டாரை ஆழத்தில் இறக்கச் சொல்லி ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். இரவு பகல் இல்லாத வேலை. உடம்பு வலிக்கென்று கூடுதலாகக் குடிக்க ஆரம்பித்தது எல்லையைத் தாண்டியது. வந்து சொன்னார். மறுபடி எல்லை போட்டோம். மறுபடி தாண்டினார். அதையும் வந்து சொன்னார். ஒருநாள் காலையில் என் எதிரே டம்ளரை எடுத்தபோது தண்ணீர் மேஜையெல்லாம் சிந்தியது. நான் அவர் கையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"காலையிலயும் வேணும்னு இருக்குதுங்க" என்றார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இனிமே அளவு, எல்லை எல்லாம் இல்லை. முழுசா நிறுத்தணும். நீதான் சொல்லணும். அவர் உன்னைத்தான் நம்பறார்."

நிறுத்தச் சொல்லாத ஒரே இடம் என்றுதான் அவர் இங்கே வந்தார். அங்கேயே அந்த வார்த்தையைக் கேட்டால் எழுந்து போய்விடுவார், பிறகு எங்கேயும் போக மாட்டார் என்று பயந்தேன்.

"குறைச்சுக் குடிக்கிறது உங்களுக்கு இனி ஆகாதுங்க" என்றேன்.

"நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேனே."

"செஞ்சீங்க. சில பேருக்கு அது போதும். சில பேருக்குக் கொஞ்சமா குடிக்கிறதுதான் நிறுத்தறதைவிடக் கஷ்டம். உங்களுக்கு அப்படி ஆயிடுச்சு. செஞ்சு பாத்ததுனாலதான் தெரிஞ்சுது."

ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வெளியே யாரோ ஆட்டோவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்தபோது, போய்விடப்போகிறார் என்று என் கை தானாகக் கதவை மறிக்க நீண்டது.

"எங்க படுக்கணும்?" என்று கேட்டார்.

அந்த நிலையில் வீட்டில் தானாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, வலிப்பு வரலாம், சில நாட்கள் மருந்தோடு படுக்கையில் இருக்க வேண்டும் என்று முன்னமே சொல்லியிருந்தேன். அதை நினைவு வைத்திருக்கிறார். உள்ளே கூட்டிப்போனோம்.

மறுநாள் பிற்பகல் மோசமாக இருந்தது. இல்லாததெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, காற்றில் இரண்டு கைகளாலும் கயிற்றை இழுத்துக்கொண்டு, "பைப்பு நழுவுது, புடி, புடி!" என்று அலறினார். நர்ஸுகள் தோளைப் பிடித்து அழுத்தப் பார்த்தார்கள். மனைவி அவர்களை விலக்கிவிட்டு, கட்டிலின் மறுபக்கம் நின்று, தானும் அந்த இல்லாத கயிற்றைப் பிடித்தார்.

"புடிச்சிருக்கேன். நீங்க மெதுவா எறக்குங்க. புடிச்சிருக்கேன்."

ஊசி வேலை செய்யும்வரை அவர்கள் இரண்டு பேரும் அந்த மோட்டாரை இறக்கிக்கொண்டே இருந்தார்கள்.

வீட்டுக்குப் போகிற அன்று பிள்ளையும் வந்திருந்தாள். வராந்தாவில் அவரை நிமிர்ந்து பார்த்து, "அப்பா, இனிமே குடிக்க மாட்டீங்கதானே?" என்று கேட்டாள். மனைவியின் உதடு அசைந்தது. பிள்ளையிடமாவது ஆமாம் என்று சொல்லக் கூடாதா என்று எனக்கு இருந்தது.

அவர் அவள் உயரத்துக்குக் குனிந்தார். "தெரியலம்மா. குடிக்காம இருக்கத்தான் பாக்கறேன்."

அவள் அவர் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். "ம்" என்று சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

சிலகாலம் தவறாமல் வந்தார். மெல்ல வருவது குறைந்தது. பிறகு நானும் வேறு ஊருக்கு வேலை மாறிப்போனேன்.

போன வருடம் ஒரு திருமணத்துக்காகக் காரிமங்கலம் போயிருந்தேன். மண்டபத்தில் ஆண்கள் இரண்டு இரண்டு பேராக எழுந்து, பின்பக்கம் வண்டிகள் நிறுத்தியிருக்கிற இடத்துக்குப் போவதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவதுமாக இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. பொது இடத்தில் எங்களிடம் வந்தவர்களை நாங்களாகப் போய் விசாரிக்க மாட்டோம். அவர்களுக்குச் சங்கடமாகிவிடும். நான் பார்வையை மேடைப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவர் வயதுக்காரர் ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். "வா மாமா, ஒரு கட்டிங் மட்டும். நம்ம சொந்தத்துல கல்யாணம், இன்னிக்குமா? ஆசை இல்லையா உனக்கு?"

"ஆசையா இருக்குது. அதனாலதான் வரல" என்றார்.

இழுத்தவர் சிரித்துவிட்டுப் போனார். இவர் அங்கேயே நின்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது. கண் பின்வாசலையே பார்த்தது. ஓர் அடி அந்தப் பக்கம் எடுத்து வைத்தார். நின்றார். திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டார். நேராக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

என் மறுபக்கம் இருந்த பெண், "யாருங்க இவங்க, சொந்தமா?" என்று அவரிடம் கேட்டாள்.

"இல்லீங்க. நான் குடிச்சுக் கெட்டப்போ பாத்துக்கிட்டவங்க" என்றார். அந்தப் பெண் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு என்னிடம் மெல்லிய குரலில் சொன்னார்: "கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கறேன் மேடம். அவங்கெல்லாம் திரும்பி வர்ற வரைக்கும்."

"உக்காருங்க" என்றேன்.

மேளம் உச்சத்தில் இருந்தது. அவர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் ஊன்றி, மூச்சை மெதுவாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பந்திக்கு வரச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டார்கள். இன்னொருமுறையும் கூப்பிட்டார்கள். நாங்கள் எழுந்திருக்கவில்லை.